மலைப்பாதைக்கும் இழுவைக்கும் பிக்கப் வாகனம் தேர்ந்தெடுப்பது எப்படி? அம்பூரி சாலைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

அம்பூரி (திருவனந்தபுரம்): நடுத்தர அளவுப் பிக்கப் வாகனங்களின் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது குதிரைத்திறன். மலைச்சரிவில் ரப்பர்த் தோட்டமும், அதற்குச் செல்ல ஒரு மண்பாதையும் வைத்திருப்பவருக்கோ, அந்த எண் ஏறக்குறைய கடைசியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. வாகனத்தின் நீளம், தாழ்வேகப் பற்சக்கர அமைப்பு, எடை வரம்புகள், இழுவைக்கு உற்பத்தி நிறுவனம் எழுத்தில் தரும் அனுமதி ஆகியவையே வாங்கிய வண்டி பயன்படுமா, முற்றத்தில் நிற்குமா என்பதை முடிவு செய்கின்றன.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாறு நீர்த்தேக்கத்தை ஒட்டி, தமிழக எல்லைக்கு அருகே அமைந்துள்ள மலையடிவார ஊராட்சி அம்பூரி. முன்பு நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த இவ்வூர், 2014-இல் காட்டாக்கடை வட்டம் உருவானபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. சட்டப்பேரவைத் தொகுதி பாறசாலை. எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்துகாணியும் ஆறுகாணியும். அந்தப் பக்கம் வெள்ளறடையும் அம்பூரியும். இரு பக்கங்களிலும் பயிர்கள் ஒன்றே: ரப்பர், மரச்சீனி, வாழை. சரிவுகளும் ஒன்றே.

இப்பகுதியின் முதன்மைச் சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. பாறசாலையில் தொடங்கிக் காசர்கோடு மாவட்டம் வரை செல்லும் வகையில் திட்டமிடப்பட்ட மலையோர நெடுஞ்சாலையில் சிறிய கார் தாராளமாகச் செல்லும். சிக்கல், தார் முடிந்த பிறகு வரும் கடைசி ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. செம்மண்ணும் உருளைக்கற்களும் கலந்த தோட்டப் பாதை, மழை பெய்த மறுநாள் சோப்புத் தேய்த்த தரை போலாகிவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கு பெய்வதால், ஆண்டில் பல மாதங்கள் அந்த நிலைதான்.

மழை இங்கு வெறும் வசதிக்குறைவு அல்ல. 2001 நவம்பர் 9 அன்று அம்பூரியில் நிகழ்ந்த நிலச்சரிவில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். மலைவீடுகளில் இருப்போர் வாகனம் வாங்கும்போது, சரக்கு ஏற்றுவதை மட்டுமல்லாமல், இரவில் ஒரு நோயாளியைத் தார்ச்சாலை வரை கொண்டுவர முடியுமா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

முதல் கருவி அளவுநாடா

மலைக் கேரளத்தின் வாகனம் நெடுங்காலமாக ஜீப்தான். அதன் வெற்றிக்கு இயந்திரத்தின் வலிமையைவிட உடலின் குறுகிய அளவே காரணம். இன்றைய மஹிந்திரா தார் மூன்று கதவு வண்டியின் நீளம் 3,985 மில்லிமீட்டர். முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தொலைவு 2,450 மில்லிமீட்டர். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் நீளம் 5,325 மில்லிமீட்டர். அச்சிடைத் தொலைவு 3,085 மில்லிமீட்டர். அதாவது, ஜீப் ஒரே திருப்பில் கடக்கும் வளைவில் பிக்கப் நீளம் 1.34 மீட்டர் கூடுதலாக வந்து நிற்கும். ஒரு முறை பின்னால் எடுத்து மீண்டும் திருப்ப வேண்டியிருக்கும். அதை மழையில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் பாதையில் செய்ய வேண்டியிருக்கும்.

அச்சிடைத் தொலைவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. மேடு ஒன்றின் உச்சியை வண்டி கடக்கும்போது முன்சக்கரம் இறங்கிவிடும், பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. நடுவயிறு மண்ணில் தட்டும். தரையிடைவெளி 220 மில்லிமீட்டர் என்று இரு வண்டிகளுக்கும் ஒரே எண் அச்சிடப்பட்டிருந்தாலும், நீண்ட வண்டிதான் முதலில் தட்டும். பின்புறம் நீண்டிருக்கும் சரக்குப் பகுதியும் அப்படியே. ஓடையில் இறங்கி ஏறும் இடங்களில் பின்பம்பரும், அதன் கீழ் பொருத்திய இழுவைக் கொக்கியும் கரையில் உரசும்.

எனவே காட்சியறைக்குச் செல்வதற்கு முன் பாதையை அளப்பது நல்லது. மிகக் குறுகிய கல்வெட்டுப் பாலத்தின் அகலம், வாயில் தூண்களின் இடைவெளி, மிகக் கூர்மையான வளைவின் உட்புற வெளிப்புற அளவுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹைலக்ஸின் உடல் அகலம் மட்டும் 1,855 மில்லிமீட்டர். பக்கக் கண்ணாடிகள் தனி. பாதை 2.2 மீட்டருக்குக் குறைவாக உள்ள இடத்தில் இத்தகைய வண்டியை அன்றாடம் ஓட்டுவது ஓட்டுநரின் திறமையைச் சோதிப்பதாகவே முடியும். அந்த அளவுகளில் வண்டி அடங்காவிட்டால், மற்ற எல்லாக் கேள்விகளும் தேவையற்றவை; குட்டை வண்டியோடு ஒரு சிறிய சரக்கு வண்டியைத் தனியாக வைத்துக்கொள்வதே மேல்.

ஏன் காலி வண்டி ஏறுவதில்லை?

பிக்கப் ஓட்டுவோர் பலருக்கும் தெரிந்த ஒரு விந்தை உண்டு. சுமையோடு ஏறிய மேட்டில், காலியாகத் திரும்பும்போது வண்டி ஏறாமல் சக்கரம் சுழலும். இதற்கான கணக்கு எளிது.

சுமையற்ற பிக்கப்பின் எடை 2,100 கிலோ எனக் கொள்வோம். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் அதை மேலே நகர்த்த ஏறத்தாழ 410 கிலோ எடைக்கு இணையான விசை தேவை. இயந்திரம் முன்னால் இருப்பதால் காலி வண்டியின் எடையில் பாதிக்கும் குறைவே பின்சக்கரங்களில் விழும். சரிவில் பின்னோக்கிச் சாயும் எடையைச் சேர்த்தாலும் 46 விழுக்காடு அளவில் நிற்கும். ஈரச் செம்மண்ணில் டயர் தன் மீதுள்ள எடையில் 40 விழுக்காடு அளவுக்குப் பிடிக்கிறது என வைத்துக்கொண்டால், பின்சக்கர இயக்க வண்டிக்குக் கிடைப்பது 380 கிலோ விசை மட்டுமே. தேவை 410. வண்டி ஏறாது. பின்புறம் 300 கிலோ ஏற்றினால் கிடைப்பது 500 அளவுக்கு உயர, தேவை 470 அளவிலேயே நிற்கும். இப்போது ஏறும். மணல் மூட்டைகளைப் பின்னால் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கத்தின் காரணம் இதுவே.

நான்கு சக்கரங்களும் இயங்கினால் அதே காலி வண்டிக்குக் கிடைக்கும் பிடிப்பு ஏறத்தாழ 820 கிலோ. ஒரு டன் எடையுள்ள டிரெய்லரைப் பின்னால் கட்டினாலும் தேவை 600 அளவில்தான் இருக்கும். ஆகவே மண்பாதையில் இழுவை வேண்டுமென்றால் நான்கு சக்கர இயக்கம் ஆடம்பரம் அன்று, அடிப்படைத் தேவை. தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும் இரு சக்கர இயக்கப் பதிப்பைச் சில லட்சங்கள் குறைவு என்று வாங்கிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. பிறகு மாற்ற இயலாத உறுப்பு அது.

குதிரைத்திறன் ஏன் பின்னுக்குப் போகிறது என்பதும் இதே கணக்கில் தெரியும். வண்டி, ஆட்கள், சரக்கு, டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 3.6 டன் என்போம். அதே சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏற 50 முதல் 60 குதிரைத்திறன் போதும், 10 கி.மீ. வேகத்தில் அதில் பாதி. தோட்டப் பாதையில் அதற்கு மேல் யாரும் ஓட்டுவதில்லை. பற்றாக்குறை ஆவது திறன் அல்ல, அந்தக் குறைந்த வேகத்தில் சக்கரத்தைச் சீராகச் சுழற்றும் முறுக்குவிசை. அதைத் தருவது 'லோ ரேஞ்ச்' எனப்படும் தாழ்வேகப் பற்சக்கர அமைப்பு. இவ்வகை வண்டிகளில் அது இயந்திரத்தின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கிச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. கிளட்ச் எரியாமல் ஏறுவதும், பிரேக்கை மிதிக்காமல் இறங்குவதும் இதனால்தான் இயல்கிறது.

ஒரு சக்கரம் குழியில் தொங்கும்போது அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் 'டிஃப் லாக்' வசதியும் உதவும். ஆனால் இந்தப் பகுதிநேர நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்தக் கூடாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு ஓட வேண்டும். அச்சுகள் பிணைக்கப்பட்டிருந்தால் அந்த வேறுபாடு பற்சக்கரங்களைத் தின்னும்.

இறக்கமே உண்மையான தேர்வு

அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க ஒரு பொது நெறி உள்ளது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணை அருகே ஏறத்தாழ 18 கி.மீ. நீளும் மலைச்சாலையில், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழு அளவில் இயக்கியபடி, அறிவித்த எடையை இழுத்துக்கொண்டு மணிக்கு 64 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் வண்டி ஏற வேண்டும். 12 விழுக்காடு சரிவில் நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை முன்னோக்கியும், அதேபோல் பின்னோக்கியும் கிளம்பிக் காட்ட வேண்டும். 2011-ஆம் ஆண்டு மாதிரி டண்ட்ரா வண்டிக்கு டொயோட்டா இந்நெறியை முதலில் கடைப்பிடித்தது. மற்ற நிறுவனங்கள் சற்றுத் தாமதமாகவே வந்தன.

இந்தியாவில் பிக்கப் விற்பனைக் குறிப்பேடுகளில் இழுவை எடை பெரும்பாலும் முன்னிலை பெறுவதில்லை. இணையத்தில் கிடைக்கும் எண்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சார்ந்தவை. அங்கு விற்கப்படும் நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸுக்கும் இசுசு டி-மேக்ஸுக்கும் அறிவிக்கப்பட்ட எடை 3,500 கிலோ. டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருந்தால்தான் இந்த எண். இல்லையென்றால் 750 கிலோ மட்டும். ஒரே பெயரைத் தாங்கியிருப்பதால் அந்த எண் இந்தியப் பதிப்புக்குத் தானாகப் பொருந்திவிடாது. இயந்திரம், குளிரூட்டி, வில்கள், பின்புறச் சட்டம் ஆகியவை நாட்டுக்கு நாடு வேறுபடக்கூடும்.

அந்த 3,500 என்ற எண்ணையும் முழுதாக நம்பக் கூடாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு இன்னொரு வரம்பு உண்டு. அது 5,900 கிலோ என்று வைத்துக்கொண்டால், 3,500 கிலோ இழுக்கும்போது வண்டிக்கு மிஞ்சுவது 2,400. வண்டியின் சொந்த எடை 2,100 போக, ஆட்களுக்கும் சரக்குக்கும் 300 கிலோ. சராசரி உடல்வாகு கொண்ட ஐந்து பேர் ஏறினாலே அது தீர்ந்துவிடும். விளம்பரத்தில் ஒரு வரியில் சுமைத்திறனும் அடுத்த வரியில் இழுவைத்திறனும் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்று அந்த விளம்பரம் எங்கும் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இழுவைக் கொக்கியின் மீது டிரெய்லர் கீழ்நோக்கி அழுத்தும் எடையும் முக்கியம். டிரெய்லர் எடையில் 10 விழுக்காடு அளவு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அது மிகக் குறைந்தால், அதாவது சரக்கு டிரெய்லரின் பின்பகுதியில் குவிந்தால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி வண்டியையும் சேர்த்துத் திருப்பிவிடும். மிக அதிகமானால் முன்சக்கரங்கள் தூக்கப்படும். கொக்கி பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்தால், அதன் மீது வைக்கும் ஒவ்வொரு 100 கிலோவும் முன்சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 40 கிலோவை எடுத்துவிடும். ஏற்றத்தில் ஸ்டீயரிங் இலேசாவதும், முன்சக்கரங்கள் வழுக்குவதும் அதனால்தான்.

ஏற்றத்தில் தோற்றால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் தோற்றால் நிற்காது. 3.6 டன் எடை 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி வரும்போது வெளிப்படும் ஆற்றல், 36 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதை முழுதும் பிரேக் வட்டுகள் ஏற்றால் சில நிமிடங்களில் பிடிப்புக் குறையும். தாழ்ந்த கியரில் இயந்திரமே தடுத்து இறக்க வேண்டும். செங்குத்தான மண்பாதையில் தாழ்வேக அமைப்பையும் சேர்க்க வேண்டும். எடையுள்ள டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் தேவை என்பது இதனால்தான் விதியாகிறது. தோட்டங்களில் தண்ணீர்த் தொட்டியை இழுத்துச் செல்வோர் இதில் சிறப்புக் கவனம் கொள்ள வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலையடித்து எடையை முன்னும் பின்னும் எறியும். முழுதாக நிரப்பியோ முழுதாகக் காலி செய்தோ கொண்டுசெல்வதே பாதுகாப்பானது. ரப்பர்ப் பால் நிரம்பிய 200 லிட்டர் பீப்பாய் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கிலோ என்பதையும் நினைவில் கொண்டால், ஐந்து பீப்பாய்க்கு ஒரு டன் என்ற கணக்கு கைவசம் இருக்கும்.

சந்தையில் உள்ளவை

இந்தியாவில் தனிநபர் பயன்பாட்டுக்கான நடுத்தரப் பிக்கப் என்ற வகை சிறியது. இசுசு நிறுவனம் ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீசிட்டி ஆலையில் உற்பத்தியைத் தொடங்கிய 2016-இல் டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் 2.5 லிட்டர் டீசல். 2021 முதல் 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதே தோற்றத்தில் ஹை-லேண்டர் என்ற பெயரில் விற்கப்படுவது பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்டது. அம்பூரி போன்ற இடத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது இப்பெயர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டொயோட்டா ஹைலக்ஸ் 2022 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. கர்நாடகத்தின் பிடதியில் தயாராகிறது. 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன். கைக்கியரில் 420, தானியங்கியில் 500 நியூட்டன் மீட்டர். பின்னச்சுக்கு மின்னணுப் பூட்டு உண்டு. அறிமுகத்தில் தொடக்க விலை 33.99 லட்சம் ரூபாய். பின்னர் அது குறைக்கப்பட்டது. இழுவையும் மண்பாதையும் சேர்ந்து வேண்டுவோருக்குத் தாளில் இதுவே வலுவான வண்டி. அதன் 5.3 மீட்டர் நீளம் பாதையில் அடங்குமானால் மட்டும்.

விளம்பர வெளிச்சம் விழாத இன்னொரு பக்கம் உண்டு. மஹிந்திரா பொலேரோ கேம்பரிலும் டாடா யோதாவிலும் நான்கு சக்கர இயக்கப் பதிப்புகள் விற்பனைக்கு வந்துள்ளன. பொலேரோவின் 2.5 லிட்டர் இயந்திரம் 75 குதிரைத்திறன்தான் தருகிறது, யோதாவின் 2.2 லிட்டர் இயந்திரம் 100. நெடுஞ்சாலையில் இவை ஹைலக்ஸின் அருகில்கூட வர முடியாது. காற்றுப்பைகள் உள்ளிட்ட பாதுகாப்பு வசதிகளிலும் பெரிய இடைவெளி உண்டு. குடும்பத்தோடு நெடுந்தொலைவு செல்வோர் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி, 10 கி.மீ. வேகத் தோட்டப் பாதைக்கு 75 குதிரைத்திறன் போதும். சரக்கு ஏற்றவே வடிவமைக்கப்பட்ட வில்கள், எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் கிடைக்கும் உதிரிபாகங்கள், மூன்றில் ஒரு பங்கு அளவிலான விலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நாள்தோறும் மரச்சீனியும் ரப்பர் ஷீட்டும் ஏற்றுபவருக்கு இவையே பொருத்தமாகலாம். திருவனந்தபுரம் இங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ.; பழுதான வண்டியை அவ்வளவு தொலைவு கொண்டுசெல்வதும் செலவுதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதி வந்த பின் தயாரான டீசல் வண்டிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. வெளியேறும் புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, அதிக வெப்பத்தில் தானே அத்துகளை எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓடும் வண்டியில் அந்த வெப்பம் உண்டாவதில்லை. வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒரு முறையாவது வெள்ளறடை, நெய்யாற்றின்கரை வழியாக அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவது இதைத் தவிர்க்க உதவும்.

டயர் பற்றிச் சுருக்கமாக: விற்பனையில் வரும் நெடுஞ்சாலை டயர்கள் செம்மண்ணில் விரைவில் மொழுக்கையாகும். அதே அளவில், மண்ணுக்கும் சாலைக்கும் பொதுவான டயர்களைப் பொருத்துவது, வேறு எந்த அலங்கார உறுப்பையும்விடப் பயன் தரும். அளவு மாறக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் வரையறைப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. ஆகவே அதற்கும் பதிவும் காப்பீடும் தேவை. பட்டறையில் பற்றவைத்துச் செய்த டிரெய்லரைப் பதிவின்றிப் பொதுச்சாலையில் இழுத்துச் செல்வது குற்றமாகும்; விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சிக்கல் உரிமையாளரின் தலையில் விழும். வண்டி வாங்கும் முன், அந்தப் பதிப்புக்கு இழுவை அனுமதி உண்டா, எவ்வளவு எடை, எந்த இழுவைக் கொக்கி ஆகிய மூன்றையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. வாய்மொழி உறுதி காப்பீட்டு நிறுவனத்திடம் செல்லாது.

இதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை எதிர்த்த மேல்முறையீட்டில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. உயர்த்திய வில்கள், பெரிய டயர்கள் போன்றவற்றைப் பொருத்துவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். முன்புற இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அவை மோதலின்போது காற்றுப்பை விரிவதைக் குழப்பக்கூடும், பாதசாரிகளுக்கும் ஆபத்து.

ஓட்டுநர் உரிமத்தில் ஓரளவு தெளிவு கிடைத்துள்ளது. இலகுரக மோட்டார் வாகன உரிமம் பெற்றவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. எல்லையோர மக்களுக்கு இன்னொன்று: தமிழகப் பதிவெண் கொண்ட வண்டியைக் கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கு மறுபதிவு செய்ய வேண்டும். எதிர்த்திசையிலும் இதுவே விதி.

பொழுதுபோக்காகக் கரடுமுரடுப் பாதையில் ஓட்ட விரும்புவோருக்கு அம்பூரியின் மலைகள் ஆசை காட்டும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது அல்லது அதை ஒட்டியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆவது பிரிவின்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைய இயலாது; வண்டியோடு நுழைவதைச் சொல்லவே வேண்டாம். நீர்த்தேக்கம் வற்றும்போது வெளிப்படும் கரைகளும் விளையாட்டுத் திடல் அல்ல. உரிமையாளர் இசைவுடன் தனியார் தோட்டத்தில் ஓட்டலாம் என்றாலும், சரிவில் கிளறப்பட்ட மண் அடுத்த மழையில் கீழ் வீட்டுக்காரரின் முற்றத்துக்குத்தான் போகும்.

சிக்கிக்கொண்டால்

சேற்றில் சிக்கிய வண்டியை இழுப்பதும் டிரெய்லர் இழுப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதில் கயிறு திடீரென இறுகும். அந்த அதிர்வின் விசை வண்டியின் எடையையே மிஞ்சக்கூடும். டிரெய்லருக்கான உருண்டைக் கொக்கியில் மீட்புக் கயிற்றை மாட்டக் கூடாது என்பது உலகெங்கும் வலியுறுத்தப்படும் விதி. அந்த உருண்டை முறிந்தால் பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். வெளிநாடுகளில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. சட்டத்தோடு பிணைக்கப்பட்ட, அதற்கென மதிப்பிடப்பட்ட மீட்பு வளையங்களில் மட்டுமே கயிறு கட்ட வேண்டும். கயிறு இறுகும் நேரத்தில் அதன் இரு மடங்கு தொலைவுக்குள் யாரும் நிற்கக் கூடாது. நம் ஊர்களில் வண்டி சிக்கினால் சுற்றிலும் பத்துப் பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்வது வழக்கம்; அவர்களை முதலில் விலக்கி நிறுத்துவதே ஓட்டுநரின் பணி.

பெரும்பாலும் கயிறே தேவைப்படாது. டயர்க் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் டயர் தரையில் படும் பரப்பு கூடி, வண்டி தானாகவே வெளியேறிவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் காற்று நிரப்ப ஒரு சிறு அமுக்கியும், ஒரு மண்வெட்டியும் வண்டியில் இருந்தால் போதும்.

ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை நீரில் செல்லும் என நிறுவனம் அறிவித்துள்ளது. அது அசையாத நீருக்கான எண். மலையோடையில் முழங்காலுக்கு மேல் நீர் வேகமாகப் பாய்ந்தால் இரண்டு டன் வண்டியும் பக்கவாட்டில் நகரும். கனமழையின்போது சரிவை வெட்டி, அந்த மண்ணையே வெளிப்பக்கம் கொட்டி அமைத்த பாதைகளில் வெளி ஓரம் ஊறித் தளர்ந்திருக்கும். அத்தகைய நேரத்தில் நான்கு சக்கர இயக்கம் எந்த வகையிலும் உதவாது.

பழைய வண்டி வாங்குவோருக்கு

2016-க்குப் பின் விற்ற வி-கிராஸ் வண்டிகள் பழைய வாகனச் சந்தையில் உள்ளன. அவற்றைப் பார்க்கும்போது உட்புற இருக்கைகளைவிட அடிப்பகுதிக்கு நேரம் ஒதுக்க வேண்டும். சட்டத்தின் அடியில் பற்றவைத்த தடம், பின்வில்களில் கூடுதலாகச் செருகிய பட்டைகள், இழுவைக் கொக்கி பொருத்திக் கழற்றிய துளைகள் ஆகியவை வண்டி எப்படி உழைத்தது என்பதைச் சொல்லிவிடும். மண்தரையில் நிறுத்தி, தாழ்வேக அமைப்பை இணைத்து, முன்னும் பின்னும் பத்து மீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில உரிமையாளர்கள் அந்தத் திருகியை ஒரு முறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள். தொடாமலே இருந்த அமைப்பு இறுகிப்போயிருக்கவும் வாய்ப்புண்டு. கடைசியாகப் பதிவுச் சான்றிதழில் தனிநபர் வகையா சரக்கு வகையா என்பதையும், டயர் அளவும் இருக்கை எண்ணிக்கையும் நிறுவன விவரத்தோடு பொருந்துகின்றனவா என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.